ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த கம்பைலர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் தலைவி போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், ரிட்டயர் ஆகிச் சும்மாதானே இருக்கீங்க. பிள்ளைங்களுக்கு அந்த ஆயுத பூஜைக் கதைய எழுதிக் குடுங்க. ஆனா உங்களை ஹீரோவாக்கி எழுதக்கூடாது" என்றாள். அந்த நிபந்தனை தேவையே இல்லை. அந்தக் கதையில் என்னை ஹீரோவாக்க எந்தக் கம்பைலராலும் முடியாது.

அவளை 'அவள்' என்று எழுத அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் போட அனுமதி கிடைக்கவில்லை. என்னைவிடப் பதினோரு வயது இளையவள். முதல் நாளிலிருந்து என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தலையில் முடிகூட இருந்தது.

அவள் மலாக்காவின் காஜா பெராங்கில் பிறந்து வளர்ந்த செட்டி குடும்பத்துப் பெண், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் மண்ணோடு கலந்துவிட்ட தமிழ் வணிகர் வழி. அவர்கள் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழை எங்களோடு வேலை செய்துதான் பழகினாள், அதனால் அவள் தமிழில் இருக்கும் குறைகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அவளும் அவள் அப்பாவும் மலாயில் சொன்னதையும் இங்கே தமிழாகவே தருகிறேன்.

தொழிலைப் பற்றி நான்கு வரி. மேசைக் கணினியின் சில்லு ஒரு வகை, நாம் செய்யும் பெட்டிகளின் சில்லு வேறு வகை. நாம் எழுதுவதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றிக் கட்டும் கம்பைலர் ஓடுவது மேசையில். அது கட்டிக்கொடுக்கும் கெர்னல், அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை நிரல், ஓடுவது பெட்டியில். இங்கே சமைத்து வேறு வீட்டுப் பந்திக்கு அனுப்புகிற வேலை. சமைக்கிற வீட்டு உப்புக் கணக்கு சாப்பிடுகிற வீட்டுக்கு ஆகாது. உங்களுக்கு இப்போது எல்லாம் ஒரே கட்டளையில் வந்து இறங்கிவிடுகிறது. எங்களுக்குக் கம்பைலரையே முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் கெர்னல். ஒன்றைக் கட்ட இன்னொன்று வேண்டும், அதைக் கட்ட முதலாவது வேண்டும். அந்தத் தலைவலியை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அலுவலகம் ஒரு மசாலாக் கடையின் மாடியில் இருந்தது. கடையும் மாடியும் பாய்க்குச் சொந்தம். மூன்று தலைமுறையாக மலாக்காவில் மிளகாய் விற்ற குடும்பம். அவருக்கு மட்டும் மின்னணுப் பெட்டிகள் மேல் ஓர் ஆசை வந்துவிட்டது, அப்படித்தான் எங்கள் கம்பெனி பிறந்தது. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். கணினி தும்மாதது ஒன்றுதான் குறை.

அந்த ஆண்டு எங்களுக்கு வந்த வேலை ஐந்து பெட்டிகள். ஆற்றில் போய்ச் சேரும் பெரிய கால்வாயின் கரையில் வைப்பதற்கு. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் சைரன் கத்த வேண்டும், அவ்வளவுதான். கரையோரக் குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து கேட்டிருந்தார்கள். முந்தைய மழைக்காலத்தில் அவர்களுடைய தாழ்வான சந்தில் தண்ணீர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது முழங்கால் அளவு இருந்தது. குழுவில் ஒருவர் அவளுடைய அப்பா. ஓய்வு பெற்ற தபால்காரர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், சக்கர நாற்காலிதான். சந்தின் கடைசி வீடு, கால்வாய்க்கு மிக அருகில். பகலில் அவள் எங்களோடு மாடியில் இருப்பாள், அவர் தனியாக இருப்பார். அவரைத் தூக்கி வெளியே கொண்டுவரப் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வேண்டும், கால் மணி நேரம் வேண்டும். முதல் பெட்டி அவர் வீட்டுப் பின்புறச் சுவரில் வைப்பதாக ஏற்பாடு.

இனி என் பெருமை. என் கணினியில் கம்பைலர்கள் இரண்டு இருந்தன, இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று பெட்டிக்குள் வைக்கும் போர்டோடு குறுவட்டில் வந்தது. அது கட்டும் கெர்னல் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு உறைந்துவிடும். அதனால் நானே ஒன்றைக் கட்டினேன், ஆறு வாரம் மெனக்கெட்டு. கூப்பிட்டால் என்னுடையதுதான் வர வேண்டும் என்று கணினிக்கு ஒரு வரி தட்டிவைத்தேன். அந்த வரியை ஒரு கோப்பில் எழுதிவைக்கவில்லை. திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து அதில் தட்டினேன், அந்த ஜன்னலை ஏழு மாதமாக மூடவே இல்லை. கணினியையும் அணைக்கவில்லை. அதன்மேல் 'தொடாதே' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஒருநாள் அவள் கேட்டாள். "அங்கிள், இந்தக் கம்பைலர எப்படிக் கட்டுனீங்க? எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எல்லாம் இங்க இருக்கும்மா" என்று என் நெற்றியைத் தட்டிக் காட்டினேன்.

"அது நனைஞ்சா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் அலுவலகத்தில் அதை முறையாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். பொரியும் கடலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தவர் பாய். "உங்க சாமான்லாம் நல்லா ஓடணும், அதுக்கு நானும் துவா கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். அளவுமானி, ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் இரும்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். என் கணினிக்குப் பட்டையே போட்டேன்.

ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா? விசிறி சுழன்றுகொண்டிருக்கிற இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு ஓய்வு என்றால் சாமி ஒத்துக்கொள்ளுமா? நானே பொத்தானை அழுத்தினேன். ஏழு மாதமாக ஓடிய விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"அணைக்கணுமா அங்கிள்?"

"பக்தின்னா முழுசா இருக்கணும்" என்றேன்.

ஜன்னல் மூடிக்கொண்டது. அந்த ஒரு வரியும் அதோடு போயிற்று. எனக்கு அது உறைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா ஒரு திருத்தம் கேட்டு அனுப்பினார். சைரன் ஓயாமல் கத்தினால் என்னைத் தூக்க வருகிறவன் கேட்பது எனக்கும் கேட்காது, நான் சொல்வது அவனுக்கும் கேட்காது, விட்டு விட்டுக் கத்தட்டும் என்று. நியாயமான பேச்சு. பத்து நிமிட வேலை. மாற்றினேன், கெர்னலைக் கட்டினேன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டி முடித்தது. பெட்டியில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியது, உறைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி உறைந்தது.

நான்கு நாள், பிள்ளைகளே. அந்த நான்கு நாளில் நான் சந்தேகப்படாத பொருள் அந்த மாடியில் இல்லை. மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். மிளகாய்த் தூளைச் சந்தேகப்பட்டுப் பாயிடம் அரைப்பதை நிறுத்தச் சொன்னேன். "தம்பி, உங்க பெட்டிக்காக மலாக்காவே கறி வைக்காம இருக்கணுமா?" என்றார். விட்டு விட்டுக் கத்தச் சொன்ன பெரியவரையும் மனதுக்குள் திட்டினேன். சந்தனம் உள்ளே ஒழுகிவிட்டதோ என்று கணினியைத் திறந்தும் பார்த்தேன். சந்தேகப்படாத ஒரே ஆள் நான். மாலைதோறும் கடலோரம் தெங்கேரா பக்கம் வானம் கறுத்தது, ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே கறுத்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே காட்டாமல் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் இரண்டு தாள்களோடு வந்தாள். பூஜைக்கு முன் ஒழுங்காக ஓடிய கெர்னல் எழும்போது திரையில் போட்டதெல்லாம் ஒரு தாளில். இப்போது உறைகிற கெர்னல் போட்டதெல்லாம் மறு தாளில்.

"அங்கிள், முதல் வரிய வாசிங்க. சத்தமா."

கெர்னல் எழும்போது முதல் வரி என்ன என்று உங்களுக்குத் தெரியும். தன் பெயர், தன்னைக் கட்டியவர் யார், எந்தக் கணினியில், எந்தக் கம்பைலரால், எந்த நாளில். ஆயிரம் முறை அது என் கண் முன்னால் ஓடியிருக்கிறது. கோயில் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் போல, இருக்கிறது என்று தெரியும், வாசித்ததில்லை. வாசித்தேன். இரண்டிலும் என் பெயர், இரண்டிலும் என் கணினி. நாள் வேறாகத்தான் இருக்கும், ஆனால் கம்பைலரின் எண்ணும் வேறு.

ஜன்னல் நினைவுக்கு வந்தது. காது சூடானது. ஏழு மாதமாக எனக்காகக் காத்திருந்தது போலப் பழைய கம்பைலர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்ட பெயருக்கு அது ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. பாவம், அதன்மேல் என்ன குற்றம்?

"பக்தின்னா முழுசா இருக்கணும்" என்றாள் அவள், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

நான் அந்த வரியை மறுபடி தட்டினேன். என் கம்பைலர் வந்தது. கெர்னலைக் கட்டினேன். மதியம் வரை உறையவில்லை. சோதனைப் பொத்தானை அழுத்தினேன், சைரன் விட்டு விட்டு அழகாகக் கத்தியது, கீழே ஒரு வாடிக்கையாளர் மல்லியைக் கொட்டிவிட்டார். முடிந்தது, நாளைக்கே பொருத்திவிடலாம் என்று ஸ்க்ரூக்களை எண்ணத் தொடங்கினேன்.

பெட்டி வெளியே போக வேண்டுமானால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்றாள்.

"ஏன்?"

"இந்தக் கம்பைலர் எங்கிருந்து வந்துச்சின்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். எழுதுனத மட்டும் வச்சி என் கணினில முதல்லருந்து கட்டுவோம். அதுல வர்ற கெர்னலுக்குத்தான் கையெழுத்து."

"ரெண்டு நாள் ஆகும்மா!"

"ஆகட்டும்."

"மழை வந்துச்சின்னா? முதல் பெட்டி உங்க அப்பா வீட்டுக்குத்தான் போகுது. மறந்துட்டியா?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம்தான். அவள் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள், "மறக்கல. பெட்டி இல்லன்னா, மழை வந்தா பக்கத்து வீட்டு ஆளு வந்து எட்டிப் பார்ப்பாரு. நான் சொல்லி வச்சிருக்கேன். பெட்டி வச்சிட்டா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க அங்கிள். சைரன் கத்தும்னு நம்பி உட்கார்ந்திருப்பாங்க."

பாய் படியேறி வந்தவர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். குழுவுக்கு மறுநாள் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். தாடியைத் தடவிக்கொண்டு, "அந்தப் பிள்ளை சொல்றபடி செய்ங்க தம்பி. குழுவுக்கு நான் போய்ப் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

இரண்டு நாளும் நான் சொல்ல அவள் எழுதினாள். "அப்புறம் கொஞ்சம் சரி பண்ணுவேன்" என்று சொன்னால், "கொஞ்சம்னா என்னா?" என்பாள். "வழக்கம்போல" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். என் தலைக்குள் எல்லாம் இருப்பதாக நான் தட்டிக் காட்டினேன் அல்லவா, அதில் பாதி என் விரல்களில்தான் இருந்தது, மீதி பாதி எங்குமே இல்லை. பள்ளியில்கூட நான் இவ்வளவு முழித்ததில்லை.

இரண்டாம் நாள் மாலை கட்டும் வேலை பாதியில் நின்றது. சைரனை ஓட்டும் பகுதிக்கு வேண்டிய ஒரு கோப்பு இல்லை என்று அவள் கணினி சொன்னது. "ஒன் கணினில ஏதோ கோளாறு" என்றேன் உடனே. வாய் பழகிவிட்டது.

"என்னுதுல இல்ல, சரி. உங்களுதுல எங்கிருந்து வந்துச்சி?"

தேடினோம். என் கணினியில் அந்தக் கோப்பு இருந்தது, ஆனால் பெட்டிக்கு உரியது இல்லை. மேசைக் கணினி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கோப்பு அது. என் அருமைக் கம்பைலர் ஏழு மாதமாகப் பக்கத்து அடுக்களையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் கடிகாரம் ஒரு நொடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. மேசைக்கு ஆயிரம். பெட்டிக்கு நூறுதான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவள் தாளில் போட்டாள். மிதந்து வரும் குப்பை தட்டி வீணாகக் கத்தக்கூடாது என்பதற்காக, தண்ணீர் அளவுக்கு மேல் இரண்டு நிமிடம் நின்றால்தான் சைரன் கத்தும்படி வைத்திருந்தோம். இரண்டு நிமிடத்துக்கு நான் எண்ணச் சொன்ன துடிப்பு, பெட்டியின் வேகத்தில் இருபது நிமிடம். மாடியில் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? சோதனைப் பொத்தானை அழுத்தினால் காத்திராமல் உடனே கத்தும். அந்தப் பொத்தானை வைத்தவன் நான். இரண்டு நிமிடம் சும்மா உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவரைத் தூக்கக் கால் மணி நேரம், சைரனுக்கு இருபது நிமிடம். நான் கீழே போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது.

மறுநாள் கணக்கைச் சரிசெய்து, தாளில் எழுதி, அவள் கணினியில் முதலிலிருந்து கட்டினோம். தண்ணீர் அளவை உணரும் பெட்டியின் கம்பியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தோம். அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. கத்தியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

பெட்டியைச் சுவரில் பொருத்தியபோது அவள் அப்பா நாற்காலியிலிருந்து மேற்பார்வை பார்த்தார். நடந்ததையெல்லாம் மகள் சொல்லியிருந்தாள், என் மானத்தை ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல். நான் மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில் பிறந்தவன், சொந்தக்காலில் நிற்பது பற்றி எல்லாரிடமும் நீளமாகப் பேசுவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மெர்டேக்காவுக்கு மறுநாளும் நான் தபால் பையத் தூக்கிட்டுத்தான் போனேன்" என்றார். "கொடி மாறிடுச்சி, பாட்டு மாறிடுச்சி. பையில பாத்தா, கடிதாசில ஒட்டுன ஸ்டாம்புக்கெல்லாம் அதே இங்கிலாந்து ராணி தலை. ரொம்ப நாளைக்கு அந்தத் தலையத்தான் வீடு வீடாக் குடுத்தேன். கொடிய எல்லாரும் பாத்தாங்க, பைக்குள்ள யார் பாத்தா?" பிறகு என் பெட்டியைக் காட்டிச் சிரித்தார். "உன் கம்பைலர், பெலும் மெர்டேக்கா!"

இன்னும் சுதந்திரம் கிடைக்கவில்லையாம். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பெட்டி பொருத்திய ஒன்பதாம் நாள் பிற்பகல் கொட்டித் தீர்த்தது. நாங்கள் மாடியில் இருந்தோம். மழைச் சத்தத்துக்கு நடுவே, கால்வாய்ப் பக்கமிருந்து விட்டு விட்டு அந்தக் கத்தல் கேட்டது. அவள் குடையை எடுக்காமலே ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரியவரை நாற்காலியோடு தூக்கி மேட்டில் வைத்துவிட்டார்கள். வீட்டு வாசல்படியை அப்போதுதான் தண்ணீர் தொட்டது. சைரனின் இடைவெளியில் அவர் அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார், ரேடியோவை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று. அவள் மழையில் நின்று அழுதாள். நானும் அழுதேன். மழை என்பதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜையைக் கீழே கடையிலேயே வைத்தோம், பெரியவரின் நாற்காலி படியேறாது என்பதால். பாய் மிளகாய் மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணினார். கணினியைத் தூக்கி வந்தோம். நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நெருங்கினேன். அவள் தடுத்தாள்.

"பொட்டு இதுக்கு" என்று, நான் சொல்ல அவள் எழுதிய அந்தத் தாளை நீட்டினாள். "அத அழிங்க."

"எத?"

"டூல்செயின. கம்பைலர், அதோட சாமான் எல்லாத்தையும், முழுசா. நாளைக்கு விஜயதசமி, முதல்லருந்துதானே தொடங்கணும்? தாளப் பாத்துக் கட்டுவோம்."

கட்டளையைத் தட்டிவிட்டேன், கடைசிப் பொத்தானில் விரல் நின்றுவிட்டது. ஆறு வாரம், ஏழு மாதம், எல்லாம் கண்ணில் வந்தது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து கையை உயர்த்தி, அந்தக் காலத்தில் சுதந்திரக் கூட்டத் திடலில் கத்திய குரலில் "மெர்டேக்கா!" என்றார். பாயும் சேர்ந்துகொண்டார். அழுத்தினேன்.

அன்று தொடங்கிய வழக்கம். அடுத்த வாரம் நீங்கள் அதைப் பார்க்கப் போகிறீர்கள், பயப்படாதீர்கள். எவ்வளவு நன்றாக ஓடுகிற டூல்செயினும் அன்று அழியும். மறுநாள் தாளில் இருப்பதை வைத்துத்தான் எழும். எழாவிட்டால் தாளைத் திருத்துங்கள், தலையைத் தட்டிக் காட்டாதீர்கள்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். வேலையில் என் கடைசி விஜயதசமி அன்று அவள் என்னை மாடிக்கு விடவில்லை. "அங்கிள் கீழ பாயோட உட்காருங்க. யாராவது வந்து கேட்டாலும் வாயத் திறக்கக்கூடாது" என்றாள். காலையிலிருந்து மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாராவது இறங்கி வருவார்கள், ஒரு சந்தேகம் கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. பாய் எனக்கு மூன்று முறை தேநீர் வாங்கிக் கொடுத்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. மனது கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை.

நான்கு மணிக்கு அவள் ஒரு தாளோடு இறங்கி வந்தாள்.

"முதல் வரிய வாசிங்க அங்கிள். சத்தமா."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். கெர்னலின் பெயர் சரி. கம்பைலரின் எண் சரி. நாள் சரி. கட்டியவர் பெயர் வரும் இடத்தில், சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பிள்ளையின் பெயர் இருந்தது. விஜயதசமியில் கட்டிய கெர்னலில் இத்தனை ஆண்டில் முதல் தடவையாக அங்கே என் பெயர் இல்லை. இன்னொரு முறை வாசித்தேன், இந்த முறை மாடிக்கும் கேட்கும்படி.